முடிச்சுப் போட்ட கறிவேப்பிலை

டீச்சர்,

என் அடுக்களை ஜன்னல் விளிம்பில் ஒரு இணுக்கு கறிவேப்பிலை கிடக்கிறது. கறியில் வெந்து கறுத்த இணுக்கு. நடுவில் ஒரு முடிச்சு. நேற்றுச் சந்தையிலிருந்து தாளில் பொதிந்து கொண்டுவந்தேன். காலையில் ஜன்னலைத் துடைக்க வந்த என் மருமகள், "இது என்னத்துக்கு இங்க கிடக்கு அத்தை, களஞ்சிரட்டா?" என்று கேட்டாள். "கிடக்கட்டும் மக்கா" என்றேன். அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தைத் துடைத்தாள். வெயில் ஏறியதும் அது காய்ந்து லேசாக மணக்கத் தொடங்கியது. அந்த மணத்துக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றே எழுத நினைத்தேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நேற்றைக்குப் பிறகு உங்களிடம் சொல்வதற்கு ஒரு செய்தி இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமானால் முதலிலிருந்து வரவேண்டும். வகுப்பில் நான் ஒரு படியையும் தாவ மாட்டேன் என்று கேலி செய்வீர்களே, அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

ஆசிரியர் அறையில் இருபத்தாறு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டோம். நீங்கள் அறிவியல், நான் கணக்கு. நீங்கள் குளச்சலில் பிறந்து நாகர்கோவிலுக்கு வாழ வந்தவர். நான் சுசீந்திரத்துக்குப் பக்கத்தில், வாசலில் இறங்கினால் வயல் என்று இருக்கும் ஊர்க்காரி. உங்கள் வீட்டில் மீன் இல்லாமல் சோறு இறங்காது. எங்கள் வீட்டில் முட்டைக்குக்கூட இடமில்லை. எனக்காகவே வாரத்தில் இரண்டு நாள் காய்கறி சமைத்துக் கொண்டுவருவீர்கள். சேனை எரிசேரியோ, பலாச்சக்கைக் கொட்டை அவியலோ, எதுவானாலும் மூடியைத் திறந்ததும் மேலே ஒரு கறிவேப்பிலை இணுக்கு முடிச்சுப் போட்டுக் கிடக்கும். அதை விரல் நுனியால் தூக்கி மூடியில் வைத்துவிட்டுத்தான் எனக்குப் பரிமாறுவீர்கள்.

ஒருநாள் கேட்டேன். "உங்க வீட்டுல யாருக்கும் கறிவேப்பிலை பிடிக்காதா டீச்சர்?"

"எல்லாரும் தின்பாங்களே."

"பெறவு எதுக்கு இந்த முடிச்சு?"

"பழக்கமாக்கும்" என்றீர்கள்.

கணக்கில் கொடுத்த எண் ஒன்றைப் பயன்படுத்தாமலே உனக்கு விடை வந்துவிட்டதென்றால், எங்கோ தவறு செய்திருக்கிறாய் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுவேன். அந்த முடிச்சு அப்படி மிஞ்சி நின்ற எண்தான். இருபத்தாறு வருடம் அதைப் பார்த்துக்கொண்டே என் பங்கு அவியலைச் சாப்பிட்டிருக்கிறேன். புதிதாக வரும் ஆசிரியைகள், "உங்களுக்குக் கூடப்பிறந்தவங்க எத்தனை பேர் டீச்சர்?" என்று கேட்டால், "நான் ஒருத்திதான்" என்று சொல்லிவிட்டு மணியைப் பார்ப்பீர்கள். அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். உங்கள் கொழுந்தன் மகள் பொதுத்தேர்வு எழுதிய வருடம். விடைத்தாள் திருத்தும் முகாமில், உறவினர் எவரும் தேர்வு எழுதவில்லை என்று நாம் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். நீங்கள் போடவில்லை. அங்கிருந்த அதிகாரி பொறுமையாகச் சொன்னார்: "டீச்சர், அந்தப் பிள்ளையோட பேப்பர் இந்த ஊருக்கே வராது. வந்தாலும் பேரும் இருக்காது, நம்பரும் இருக்காது."

"எனக்குத் தெரியாம இருக்கலாம் சார். எனக்க பேனாவுக்குத் தெரிஞ்சிரும். அவளுக்க கையெழுத்துப் பாத்துப் பழகின பேனா" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டீர்கள். கிடைக்கவேண்டிய படியும் போயிற்று. பிழைக்கத் தெரியாதவர் என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நாம் இருவரும் ஓய்வு பெற்றுச் சில வருடம் கழித்து, மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தச் சந்தைக்குப் போனோம். நம்மிடம் படித்த ஷீபா, இப்போது மகளிர் குழுக்களை நடத்துகிறவள், வீடு தேடி வந்து கூப்பிட்டிருந்தாள். கைவினைப் பொருளும் ஊர்ச் சாப்பாடும் விற்கும் சந்தை. நடுவில் ஒரு சமையல் போட்டி. "நீங்க ரெண்டுபேரும்தான் டீச்சர் ஜட்ஜ். நோட்டீஸ்ல பேரே போட்டாச்சு" என்றாள். காய்கறிக்கு நான், மீனுக்கு நீங்கள்.

போட்டி மத்தியானம்தான். காலையிலேயே போய்ச் சுற்றிப் பார்த்தோம். சுற்றிப் பார்த்தோம் என்று சொல்வதுகூடச் சரியில்லை. பத்தடிக்கு ஒருத்தி வழிமறித்தாள். ஓலைப்பெட்டிக் கடையில் ஒருத்தி, மரச்சீனிக்கிழங்கு அவிக்கும் இடத்தில் ஒருத்தி, முந்திரிக்கொத்து விற்கும் மேசையில் அக்காளும் தங்கையுமாக இரண்டு பேர். "டீச்சர், என்னத் தெரியுதா?" என்று கேட்டவளிடம், "ஒனக்க கையெழுத்தக் காட்டு, சொல்லுதேன்" என்றீர்கள். அவள் உண்மையிலேயே விலைச்சீட்டைத் திருப்பி எழுதிக் காட்டினாள். நீங்கள் அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்து, பெயரையும் சொல்லி, "இன்னும் சுருட்டிச் சுருட்டித்தான் எழுதுத" என்று குறையும் சொன்னீர்கள்.

மயிலாடிக் கல் வைத்திருந்த கடையில்தான் வெகுநேரம் நின்றோம். உங்களுக்கு ஒரு சின்ன இடிகல் வேண்டும்.

"நல்ல கல்லாக்கும் டீச்சர். பேரப்பிள்ளைக் காலம் வரைக்கும் கிடக்கும்" என்றார் கடைக்காரர்.

"அவ்வளவு காலம் வேண்டாம். எனக்கு நல்லமிளகு இடிக்கணும், அவ்வளவுதான்."

"பழக்கணும், கேட்டியளா. ரெண்டு தடவை பச்சரிசியப் போட்டு இடிச்சுக் கொட்டிருங்க. பெறவு மணல் கடிக்காது."

நீங்கள் அவரை ஏற இறங்கப் பார்த்தீர்கள். "நீரு எந்த ஸ்கூலு?"

அவர் ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னார். "அதான். நம்மகிட்ட படிச்சிருந்தா நம்மகிட்டயே பாடம் எடுக்க மாட்டாரு" என்று என் காதில் சொல்லிவிட்டுக் கல்லை வாங்கினீர்கள். பையின் ஒரு காதை நீங்களும் மறுகாதை நானும் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடந்தோம்.

பந்தலின்கீழ் நீள மேசை. வரிசையாக மூடிய பாத்திரங்கள். ஒவ்வொன்றின் முன்பும் ஒரு எண். பெயர் கிடையாது. "அப்படித்தான் இருக்கணும்" என்று மகிழ்ந்துபோனீர்கள். கயிறு கட்டி அதற்கு அந்தப் பக்கம் சமைத்தவர்களை நிறுத்தியிருந்தார்கள். ஷீபா ஆளுக்கொரு தாள் தந்தாள். மணம், சுவை, பக்குவம் என்று கட்டங்கள். கடைசியில் குறிப்பு எழுத ஒரு கட்டம். நீங்கள் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்ததும், "அய்யோ டீச்சர், அதப் பாத்தா இப்பவும் எனக்குப் பயமாக்கும்" என்று இரண்டடி பின்னால் போனாள்.

நான் என் வரிசையைப் பார்த்துக்கொண்டே உங்களையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கரண்டி, ஒரு வாய்த் தண்ணீர், சிவப்பில் ஒரு வரி. 'மஞ்சள் பச்சையாக நிற்கிறது.' 'புளி முந்திக்கொண்டது.' பள்ளிக்கூடத்தில் நோட்டுகளில் எழுதியதைப் போலவேதான்.

பதினோராவது எண் ஒரு மண்சட்டி. மூடியைத் திறந்தீர்கள். நெத்திலி அவியல். ஆவி மேலே வந்தது. கரண்டியோடு குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டீர்கள். அவியலின் மேலே ஒரு கறிவேப்பிலை இணுக்கு, நடுவில் முடிச்சோடு கிடந்தது.

கரண்டியைக் கீழே வைத்தீர்கள். மூடியை எடுத்துச் சட்டியை மெல்ல மூடினீர்கள். தாளில் மூன்று கட்டத்திலும் கோடு போட்டுவிட்டு, குறிப்புக் கட்டத்தில் எதையோ எழுதினீர்கள். எட்டிப் பார்த்தேன்.

'என் தங்கை. நான் மதிப்பிடக் கூடாது.'

"டீச்சர், உங்களுக்குத் தங்கச்சி இருக்கா?" என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது.

"பெறவு பேசலாம். பன்னிரண்டாவது சட்டியப் பாக்கணும்."

ஷீபா வந்து தாளைப் பார்த்தாள். "என்ன டீச்சர் இது, பப்ளிக் எக்ஸாமா? ஒரு வாய் தின்னுட்டு ஒரு மார்க்கப் போடுங்க."

"போட மாட்டேன்."

"கணக்கு டீச்சர், அப்ப நீங்களாவது?"

"நான் மீன் தொட மாட்டேனே மக்கா."

"சாறு மட்டும் நாக்குல வச்சுப் பாருங்க."

ஒரு நொடி எனக்கு ஆசையாக இருந்தது, உங்கள் முகத்தைப் பார்த்ததால். ஆனால் அதுவும் தப்புத்தானே? ஒரு நாளும் மீன் தின்னாதவள் மீன் கறிக்கு மார்க் போடுவது, பாடமே படிக்காமல் தாள் திருத்துவது மாதிரி. மாட்டேன் என்று தலையாட்டினேன். பதினோராம் எண்ணுக்கு நேராக மூன்று கோடுகள் நின்றன. நாம் இருவரும் சரியாகத்தான் நடந்திருக்கிறோம் என்ற நிம்மதியோடு எழுந்தோம்.

மார்க்கைக் கூட்டி அறிவிக்க நேரம் ஆகும் என்றார்கள். மரத்தடியில் உட்கார்ந்து சுக்குக் காப்பி குடித்தோம். அப்போதுதான் சொன்னீர்கள். நான் கேட்கவில்லை. இடிகல்லைக் காலடியில் வைத்து, அதைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்.

உங்கள் அம்மை விடியுமுன்பே மீன் பெட்டியைத் தலையில் வைத்து ஊர் ஊராக விற்கப் போய்விடுவார். பன்னிரண்டு வயதில் நீங்கள்தான் சமைப்பீர்கள். தங்கை ரோஸ்லெட்டுக்கு ஐந்து வயது. சோற்றில் ஒரு கறிவேப்பிலையைக் கண்டால் போதும், "எலை கிடக்கு, எனக்கு வேண்டாம்" என்று தட்டைத் தள்ளிவிடுவாள். ஒவ்வொரு இலையாகப் பொறுக்கிப் போடுவதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிடும். அதனால் இணுக்கை முழுதாக முடிச்சுப் போட்டுக் கறியில் போடத் தொடங்கினீர்கள். "மணமும் கிட்டும், ஒரே பிடியில எடுத்தும் களையலாம், பாத்தியளா" என்று சொன்னபோது, பன்னிரண்டு வயதில் பட்ட பெருமை உங்கள் முகத்தில் அப்படியே இருந்தது.

வேலை கிடைத்ததும் அவளைப் படிக்க வைத்தீர்கள். நல்ல இடத்தில் மாப்பிள்ளை பார்த்தீர்கள். உறுதி பண்ணும் அன்று மாலை, எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு, அவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். படகு எஞ்சின் பழுது பார்க்கும் ஒருவரைத்தான் கட்டுவேன் என்றாள். கட்டவும் செய்தாள். நீங்கள் போகவில்லை. முதல் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று அழைப்பு அனுப்பினாள். அதைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினீர்கள். அம்மை இறந்தபோது சவப்பெட்டியின் இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்றீர்கள். பேச்சு நின்று முப்பத்திரண்டு வருடம் ஆகிறது என்றீர்கள்.

"எழுந்து போய்ப் பேசுங்க டீச்சர். இங்கதானே நிக்கா?"

"என்னன்னு பேச? பிள்ளைய ஆசீர்வாதம் பண்ணக் கூப்பிட்டா, கார்டத் திருப்பி விட்டவ நான். இப்ப போயி, நெத்திலி நல்ல மணமா இருக்குட்டின்னு பறையவா?"

நான் பந்தலைத் திரும்பிப் பார்த்தேன். கயிற்றுக்குப் பின்னால், பச்சைச் சேலை கட்டிய ஒருத்தி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எல்லோரும் பேசிச் சிரித்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் மேசையில் அந்த மண்சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூக்கும் நெற்றியும் உங்களுடையவை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"டீச்சர், நீங்க சட்டிய மூடினத அவ பாத்துட்டா."

"நான்தான் எழுதி வச்சிருக்கேனே."

"எழுதினது நமக்குத் தெரியும். அவளுக்கு மூடினது மட்டும்தான் தெரியும்."

நீங்கள் காப்பியைக் கீழே வைத்தீர்கள்.

வாழ்நாளெல்லாம் கட்டுக் கட்டாகத் திருத்தியவர்கள் நாம். எழுதிய பிள்ளை எங்கோ இருக்கும், தாள் மட்டும் நம் முன்னால் இருக்கும். நாம் முகம் சுளிப்பதையும் தாளை ஒதுக்குவதையும் அந்தப் பிள்ளை பார்க்காது. அந்தப் பழக்கத்தில் எதிரே ஆட்கள் நிற்பதையே மறந்துபோனோம். தன் அக்காள் தன் சட்டியைத் திறந்து பார்த்து, ஒரு துளிகூட எடுக்காமல் மூடி வைத்துவிட்டு அடுத்த சட்டிக்குப் போவதை அவள் பத்தடி தூரத்தில் நின்று பார்த்திருக்கிறாள். வாத்தியார்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

"சாப்பிடாமலே மூடிட்டேனே" என்றீர்கள், மிக மெல்ல. அதற்குள் மைக்கில் பரிசுகளை வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

கை தட்டி முடிந்து எல்லோரும் அவரவர் பாத்திரத்தை எடுக்க வந்தார்கள். நீங்கள் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டீர்கள். ரோஸ்லெட் வந்தாள். உங்களைப் பார்க்காமல் மூடியைத் திறந்தாள். அவியல் கலையாமல் இருந்தது. முடிச்சு வைத்த இடத்திலேயே கிடந்தது. அவள் நிமிர்ந்தாள்.

"நீங்க ஜட்ஜுன்னு நோட்டீஸ்ல பாத்துட்டுத்தான் வந்தேன் டீச்சரம்மா" என்றாள். அக்கா என்று கூப்பிடவில்லை. "எனக்கு ஒங்க மார்க் வேண்டாம். எனக்க கையால ஒரு துளி நாக்குல வச்சுப் பாத்திருந்தா நீங்க என்ன கொறஞ்சா போயிருப்பீங்க?"

ஷீபாவின் கையிலிருந்த தாள்களில் உங்கள் தாளை உருவி எடுத்து அவளிடம் நீட்டினீர்கள்.

"வாசி."

"எனக்கு ஒண்ணும் வாசிக்க வேண்டாம்."

"வாசிட்டி."

அவள் வாங்கினாள். விரலை வைத்துப் பதினோராம் எண்ணுக்கு வந்தாள். அங்கிருந்து கடைசிக் கட்டத்துக்குப் போனாள். அவள் உதடு அசைந்தது. திரும்பவும் வாசித்தாள்.

"என் தங்கைன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"ஊரு முழுக்க நான் ஒருத்திதான்னு சொல்லிட்டு நடந்தவளாச்சே நீ."

"சொன்னேன்."

"பெறவு இது என்னது?"

"வாயால பொய் சொன்னேன். பேப்பர்ல பொய் எழுத எனக்கு வராதுட்டி" என்றீர்கள்.

ரோஸ்லெட் முகத்தைச் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள். எடுத்தபோது கண் சிவந்திருந்தாலும் குரல் தெளிவாக இருந்தது.

"மார்க் போட்டு முடிஞ்சாச்சுல்லா? இப்ப திங்கலாமா, அதுக்கும் எதாவது ரூல் இருக்கா?"

நீங்கள் கரண்டியைத் தேடவில்லை. முடிச்சை விரல் நுனியால் தூக்கி மூடியில் வைத்தீர்கள். நான் எத்தனையோ நாள் பார்த்த அதே கை. நின்றபடியே அள்ளிச் சாப்பிட்டீர்கள்.

"இப்ப கறிவேப்பிலை எனக்குப் பிடிக்கும்" என்றாள் அவள். "பிள்ளைகளும் மென்னு தின்னும். ஆனாலும் முடிச்சுப் போடாம சட்டியில போட எனக்குக் கை வரல்ல."

நீங்கள் மென்றுகொண்டே என்னைப் பார்த்தீர்கள். பிறகு அவளைப் பார்த்தீர்கள்.

"உப்பு ஒரு பிடி கூடிப்போச்சு."

"பாத்தியளா, பாத்தியளா!" ரோஸ்லெட் என் பக்கம் திரும்பினாள், ஏதோ என்னை வெகுநாளாகத் தெரிந்ததுபோல. "மார்க் போட மாட்டாளாம். கொறை மட்டும் சொல்லுவாளாம்."

கிளம்பும்போது இடிகல்லை எடுத்து அவள் காலடியில் வைத்தீர்கள். "கல்யாணத்துக்கு ஒண்ணும் தரல்ல. இத வச்சுக்க. பச்சரிசி போட்டுப் பழக்கிட்டு இடி."

"முப்பத்திரெண்டு வருஷம் கழிச்சுக் கல்லத் தூக்கித் தாறா பாருங்க! இதச் சுமந்துக்கிட்டு நான் குளச்சல் பஸ்ஸுல நிக்கணும்" என்றாள். ஆனால் விடவில்லை. இடுப்பில் பிள்ளையைப் போல் இடுக்கிக்கொண்டு போனாள்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். இரண்டு வருடம்கூட முழுதாகக் கிடைக்கவில்லை. ஆனால் அந்த நாட்களை நான் குறைவு என்று சொல்ல மாட்டேன். ஒரு பாத்திரத்தில் எவ்வளவு பிடிக்கும் என்பதை அதன் உயரத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்று பிள்ளைகளுக்கு எத்தனை முறை வரைந்து காட்டியிருக்கிறேன். வாரம் ஒருமுறை அவள் வந்தாள். நீங்கள் போனீர்கள். அவள் கணவரின் கையில் கிரீஸ் போகவே போகாது என்று சொன்ன நீங்கள், அவரிடமே மிக்ஸியைப் பழுது பார்க்கக் கொடுத்தீர்கள். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அவள்தான் உங்களுக்குக் கஞ்சி கொடுத்தாள். மூன்றாம் நாள் நான் பார்க்க வந்தபோது, "இவ கஞ்சியில உப்பே போட மாட்டேங்கா டீச்சர், டாக்டர் சொன்னாராம்" என்று என்னிடம் புகார் சொன்னீர்கள். நாம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

இனி நேற்று நடந்தது.

ஷீபா மறுபடியும் கூப்பிட்டாள். வரமாட்டேன் என்றேன். "நீங்களும் வரல்லன்னா பெறவு நான் யாரப் பாத்துப் பயப்பட?" என்றாள். போனேன். மீனுக்கு வேறு ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள். நல்ல மனிதர்தான். எல்லாவற்றுக்கும் 'அருமை' என்றே எழுதினார். நீங்கள் இருந்திருந்தால் அவர் தாளையே திருத்தியிருப்பீர்கள்.

இந்தமுறை உட்காருவதற்கு முன்பு கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு மூடியைத் திறக்கும்போதும், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டேன். அன்று கற்றுக்கொண்டது அது. தாளில் என்ன எழுதினாலும், எதிரே நிற்பவருக்குத் தெரிவது நம் கைதான்.

நான்காவது எண் ஒரு மண்சட்டி. என் வரிசையில், காய்கறி வரிசையில். திறந்தேன். மாங்காயும் சக்கைக்கொட்டையும் போட்ட அவியல். மீனில்லை. நீங்கள் எனக்காகக் கொண்டுவரும் அதே அவியல். மேலே முடிச்சோடு ஓர் இணுக்கு.

நிமிர்ந்து பார்த்தேன். முதலில் என் கண்ணில் படாத ரோஸ்லெட், எல்லோருக்கும் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சிரிக்கவில்லை. இரண்டு நாளுக்கு முன்புகூட என்னோடு போனில் பேசியவள், இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

அன்று நீங்கள் செய்யாததை நான் முதலில் செய்தேன். முடிச்சைத் தூக்கி மூடியில் வைத்துவிட்டு, ஒரு கரண்டி எடுத்து, அவள் பார்க்கச் சாப்பிட்டேன். பிறகு பேனாவை எடுத்தேன். மணத்துக்கும் சுவைக்கும் பக்குவத்துக்கும் என்ன போடவேண்டும் என்று எனக்குத் தெரியும். கை அந்தக் கட்டங்களுக்குப் போகவில்லை. மூன்று கோடு போட்டேன். கடைசிக் கட்டத்தில் எழுதினேன்: 'என் தங்கை. நான் மதிப்பிடக் கூடாது.'

ஷீபா தலையில் கை வைத்துக்கொண்டாள். "நீங்களுமா டீச்சர்! ஒங்க ரெண்டு பேரயும் வச்சு நான் எப்படிப் போட்டி நடத்த?"

மூன்று கோடு போட்டதைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தே ரோஸ்லெட் புரிந்துகொண்டாள். "எனக்கு இந்த ஜென்மத்துல மார்க் கிட்டாது போல" என்று பக்கத்தில் நின்றவளிடம் உரக்கச் சொன்னாள். பாத்திரம் எடுக்க வந்தபோது தாளைக் கேட்டு வாங்கி வாசித்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா இருந்துச்சாக்கா?" என்று கேட்டாள். உங்களை மட்டும் கூப்பிட்ட சொல் அது. தலையை மட்டும் ஆட்டினேன். அவள் சட்டியில் இருந்ததையெல்லாம் என் தூக்கில் வழித்துப் போட்டாள். இராத்திரிச் சோற்றுக்கு அதுதான். மருமகளும் சாப்பிட்டாள்.

முடிச்சை மட்டும் எடுத்து வைத்தேன். இன்னும் இரண்டு நாளில் இலைகள் உதிர்ந்துவிடும். அதனால் ஒன்றுமில்லை. இன்று காலை சாம்பாருக்குக் கறிவேப்பிலை பறித்தபோது என் கை தானாகவே அதை முடிச்சுப் போட்டது. எங்கள் வீட்டிலும் எல்லோரும் கறிவேப்பிலை தின்பார்கள்.

அவளிடம் நேற்றுச் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. தாளிலும் எழுதவில்லை. உங்களிடம் சொல்லத்தான் வைத்திருந்தேன்.

உப்பு இந்தமுறை சரியாக இருந்தது, டீச்சர்.